பூந்திக்கொட்டையும் சலவை மெஷினும்

சான்பாடா ரயில் நிலையத்தில் இறங்கி துர்பே பக்கமாக நடந்தால் கொஞ்ச தூரத்திலேயே தும்மல் வந்துவிடும். மசாலா மார்க்கெட் நெருங்குகிறது என்று அர்த்தம். மும்பைத் தீவின் மஸ்ஜித் பந்தர் சந்துகளில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த மொத்த வியாபாரத்தைக் கழிமுகத்தைத் தாண்டி நவி மும்பைக்குக் கொண்டுவந்தபோது உருவான மார்க்கெட்டுகளில் இது ஒன்று. ஏ.பி.எம்.சி. என்று சொன்னால்தான் ஆட்டோக்காரர்களுக்குப் புரியும். மிளகாய், மஞ்சள், தனியா, பட்டை, சோம்பு என்று கண்ணும் மூக்கும் நிறைந்துபோன பிறகு, சாப்பாட்டுக்குச் சம்பந்தமில்லாத சில மூட்டைகள் ஓரமாக நிற்கும். சுருங்கிப் பளபளக்கும் பழுப்புநிறக் காய்கள். ஒரு பிடி அள்ளிக் குலுக்கினால் உள்ளே விதை கடகடக்கும். இந்திக்காரர்களுக்கு இது ரீட்டா. தமிழில் பூந்திக்கொட்டை, சில ஊர்களில் பூவந்திக்கொட்டை. லட்டு பிடிக்கும் பூந்திக்கும் இதற்கும் எந்த உறவும் கிடையாது. வாயில் போட்டால் குமட்டும்.

வாங்க வருகிறவரிடம் கடைக்காரர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, விதையோடா, விதை நீக்கியதா என்பது. நுரை தருவது முழுக்க மேல்தோல்தான். விதைக்கும் சேர்த்துக் காசு கொடுப்பது வீண். இந்தச் சரக்கின் பழைய வாடிக்கையாளர்களுக்கு அதெல்லாம் அத்துபடி. நகையை மெருகேற்றும் பொற்கொல்லர்கள், பட்டுப் புடவையையும் பைத்தானியையும் வெளியே சலவைக்குக் கொடுக்க மனம் வராதவர்கள், சீயக்காயும் நெல்லிக்காயும் கலந்து தலைக்குத் தேய்க்கிறவர்கள். புதிய வாடிக்கையாளர்கள் வேறு ரகம். பால்கனியில் சலவை மெஷின் வைத்திருப்பவர்கள். கடையில் விற்கும் சோப்புத்தூள் மீது சந்தேகம் வந்துவிட்டவர்கள். குழந்தையின் தோல் சிவந்து தடித்தது ஒரு வீட்டில் காரணமாக இருக்கலாம். இன்னொரு வீட்டில், ஜன்னலுக்கு வெளியே தெரியும் கழிமுகம்.

சான்பாடாவைப் புரிந்துகொள்ள அந்தக் கழிமுகத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆக்ரிகளும் கோலிகளும் மீன் பிடித்து, உப்பெடுத்து, உவர் நிலத்தில் நெல் விளைவித்து வாழ்ந்த கரை இது. 1970-ல் சிட்கோ நிறுவனம் தொடங்கப்பட்டு, கிராமங்களின் நிலம் புதிய நகரத்துக்காகக் கையகப்படுத்தப்பட்டது. 1992-ல் மான்குர்டிலிருந்து வாஷிக்கு ரயில் ஓடத் தொடங்கியதும் நிலைமை தலைகீழாயிற்று. மாட்டுங்காவிலும் சயானிலும் செம்பூரிலும் ஒண்டுக் குடித்தனத்தில் நெருக்கிக்கொண்டிருந்த தமிழ்க் குடும்பங்கள் பல, கழிமுகத்தைத் தாண்டினால் இரண்டு படுக்கையறை கிடைக்கிறது என்று இந்தப் பக்கம் வந்தன. பாம் பீச் சாலைக்கு அப்பால் அலையாத்திக் காடு, அதற்கு அப்பால் சேறு, அதற்கு அப்பால் தண்ணீர். குளிர்காலம் தொட்டுக் கோடை முடியும்வரை பூநாரைகள் வரும். தாணே கழிமுகத்தின் ஒரு பகுதி 2015-ல் பூநாரைச் சரணாலயம் ஆனது. 2022-ல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் அந்தஸ்தும் வந்தது.

அடுக்குமாடி வீடுகளின் சோப்புத் தண்ணீர் போவதும் அதே திசையில்தான். நேராகப் போவதில்லை, நவி மும்பை மாநகராட்சியின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களில் ஒன்று சான்பாடாவிலேயே இருக்கிறது. இந்த விஷயத்தில் இந்தியாவின் பல நகரங்களைவிட நவி மும்பை தேவலை. ஆனால் கழிமுகத்துக்கு இரண்டு கரை. எல்லாக் கரையின் எல்லாச் சாக்கடையும் சுத்திகரிப்பு நிலையத்தின் வழியாகப் போய்ச் சேர்வதில்லை. இதில் ஒரு வேடிக்கை. சிறிய பூநாரையின் உணவு நீலப்பச்சைப் பாசி. கழிவுநீரின் சத்தில் இந்தப் பாசி செழிப்பதும் பறவைகள் இங்கே கூடுவதற்கு ஒரு காரணம் என்று கருதும் ஆராய்ச்சியாளர்கள் உண்டு. ஆகவே, சோப்புத்தூளை நிறுத்தினால் பூநாரை வாழும் என்று சுலபமாக எழுதிவிட முடியாது. பாசி ஓர் அளவு வரைக்கும் விருந்து. அளவு மீறினால், செத்து அழுகும் பாசி தண்ணீரின் ஆக்ஸிஜனைக் குடித்துவிடும், மீன் சாகும்.

பாசிக்குத் தீனி போடுவதில் பாஸ்பேட்டுக்கு முக்கியப் பங்கு. கடின நீரிலும் தூள் வேலை செய்ய வேண்டும் என்பதற்காகச் சேர்க்கப்படுவது அது. மனிதக் கழிவிலும் உரத்திலும்கூட பாஸ்பரஸ் உண்டு என்பதால் பழி முழுவதையும் சோப்புத்தூள் தலையில் போடுவது நியாயமில்லை. ஆனாலும் ஐரோப்பிய யூனியன் 2013-ல் வீட்டுச் சலவைத்தூளில் பாஸ்பேட்டுக்குக் கடும் வரம்பு விதித்தது. பெங்களூரின் பெள்ளந்தூர் ஏரி 2015-ல் நுரை கக்கித் தீப்பிடித்தபோது நாடே வேடிக்கை பார்த்தது. அந்த ஏரிக்குள் வந்து சேர்ந்தது பெரும்பாலும் வீடுகளின் கழிவுநீர்தான். இங்கே பாக்கெட்டின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்து, பாஸ்பேட் இருக்கிறதா, இல்லையா என்று பார்ப்பது வாங்குகிறவர் பாடு.

இந்தப் பின்னணியில்தான் பூந்திக்கொட்டை சலவை மெஷினுக்குள் போகிறது. முறை எளிது. விதை நீக்கிய தோல் ஆறேழு எடுத்து, சிறிய துணிப்பையில் முடிந்து, துணிகளோடு போட்டுவிடுவது. குளிர்ந்த நீரில் அது சோம்பல்படும். 40 டிகிரிக்கு மேல் சூடு இருந்தால்தான் சாறு இறங்கும். அதனால் அனுபவப்பட்டவர்கள் இரவில் ஊறவைத்து, காலையில் கொதிக்கவிட்டு, பிசைந்து வடிகட்டி அந்தச் சாற்றை ஊற்றுகிறார்கள். தோலில் உள்ள சபோனின் என்ற பொருளுக்கு ஒரு பக்கம் எண்ணெயோடும் மறுபக்கம் தண்ணீரோடும் ஒட்டும் குணம் உண்டு. சோப்பின் சூத்திரமும் அதுவே. பட்டுக்கும் கம்பளிக்கும் இது உத்தமம். காரம் அதிகமான தூள் அவற்றின் இழையை வாட்டிவிடும், பூந்திக்கொட்டை வாட்டாது. அன்றாடம் உடுத்திய வியர்வைத் துணிக்கும் போதும். நவி மும்பைக்கு மோர்பே அணையிலிருந்து வரும் தண்ணீர் தேங்கிய மழைநீர்தான். ஆழ்துளைக் கிணற்று நீரின் கடினம் அதற்கு இல்லை. சென்னையின் புறநகர்களில் உப்புத் தண்ணீரோடு போராடுகிறவர்களுக்கு இந்த அதிர்ஷ்டம் வாய்க்காது.

குறைகளும் உண்டு, அவற்றை மறைப்பது யாருக்கும் நல்லதல்ல. வடித்த சாறு இரண்டு மூன்று நாளில் புளித்துவிடும். ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். மஞ்சள் கறை, எண்ணெய்க் கறை, பள்ளிக்கூடச் சட்டையின் பேனா மை எதுவும் இதற்கு அசையாது. முக்கியமான சங்கடம், வெள்ளைத் துணி. சில மாதங்களில் அது மங்கிப் பழுப்பேறும். காயின் சாறே பழுப்பு என்பது ஒரு காரணம். இன்னொன்றைத்தான் யாரும் சொல்வதில்லை. கடைத்தூளின் கண்ணைப் பறிக்கும் வெண்மையில் ஒரு பகுதி சுத்தமே அல்ல. தூளில் கலந்திருக்கும் ஒளிரும் சாயம் துணியில் படிந்து, வெயிலில் உள்ள புறஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தருகிறது. மஞ்சளை நீலம் மறைக்க, துணி வெள்ளையாகத் தோன்றுகிறது. பாட்டிமார் வேட்டிக்குச் சொட்டு நீலம் போட்டது இதே தந்திரம்தான். அன்று அது ஒரு தனி வாளியில் தெரிந்தே நடந்தது. இன்று தூளுக்குள் ஒளிந்திருக்கிறது. நவீன வீட்டின் வெள்ளை என்பது ஒரு சாயம் என்று தெரிந்துகொண்ட பிறகு, மங்கிய பனியனைப் பார்க்கும் பார்வை கொஞ்சம் மாறிவிடுகிறது.

பழத்தோல் நொதியும் இந்த வீடுகளில் பிரபலம். வெல்லம் ஒரு பங்கு, எலுமிச்சை அல்லது ஆரஞ்சுத் தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு. மூன்று மாதம் மூடிவைத்தால் புளிப்பேறிய திரவம் கிடைக்கும். தாய்லாந்திலிருந்து பரவிய முறை. பக்கத்திலேயே பழ மார்க்கெட் இருப்பதால் தோலுக்குப் பஞ்சமில்லை. ஆரம்ப வாரங்களில் தினமும் மூடியைத் திறந்து வாயுவை வெளியேற்ற மறந்தவர்கள் வீட்டில் பாட்டில் வெடித்த கதைகளும் உண்டு. அழுக்கு அதிகமான துணிக்குச் சலவை சோடாவைத் துணைக்கு அழைக்கிறார்கள். அது செடியிலிருந்து வருவதல்ல என்றாலும் பாஸ்பேட்டோ சாயமோ வாசனையோ அதில் கிடையாது. அலசலில் கொஞ்சம் வினிகர் விட்டால் துணி மிருதுவாகும். சோடாவையும் வினிகரையும் ஒரே சமயத்தில் ஊற்றுகிறவர்கள் மட்டும் ஏமாறுகிறார்கள். ஒன்று காரம், மற்றது அமிலம். பொங்கிப் பொங்கி ஒன்றை மற்றொன்று அழித்துவிட்டு வெறும் உப்புத் தண்ணீராக நிற்கும்.

இந்த அறிவெல்லாம் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதா என்ன? சான்பாடாவின் தமிழ்க் குடும்பங்களுக்கு விடை ரயிலேறிப் போனால் கிடைக்கும். ஹார்பர் லைனில் வாஷி பாலத்தைத் தாண்டி, மான்குர்ட், கோவண்டி, செம்பூர் வழியாக குர்லாவில் இறங்கி வண்டி மாறினால் மாட்டுங்கா. ரயில் நிலையத்துக்குக் கிழக்கே பூக்கடைகள், வாழையிலை, காபிக்கொட்டை வறுபடும் வாசனை. இங்கே பூந்திக்கொட்டைக்கு மறுமலர்ச்சி எதுவும் தேவைப்படவில்லை. அது போகவே இல்லை. அப்பளத்துக்கும் நார்த்தங்காய்க்கும் பக்கத்தில் சீயக்காய்ப் பொடியும் பூந்திக்கொட்டையும் எப்போதும் இருந்து வந்திருக்கின்றன. கல்யாணப் பட்டுக்கு இதுதான் என்று மாமிகளுக்குத் தெரியும். அன்றாடத் துணி விஷயம் வேறு. அதை அவர்கள் பூந்திக்கொட்டையில் துவைத்ததாகச் சரித்திரமே இல்லை. ஊரில் அது வண்ணாரிடம் போனது.

இயற்கைச் சலவை பற்றிய பேச்சில் காணாமல் போகிற ஆள் அவர்தான். தமிழ்நாட்டுக் கிராமங்களில் வண்ணாரின் சோப்பு மண்ணில் கிடந்தது. உவர்மண். தரையில் வெள்ளையாகப் பூக்கும் அந்த மண்ணில் சலவை சோடாவின் அதே காரம் இருக்கிறது. அதைக் கரைத்த நீரில் துணியை முக்கி எடுத்து, பெரிய பானைமேல் வளையமாக அடுக்கி, அடியில் தீ மூட்டி, இரவு முழுவதும் ஆவியில் வேகவிடுவார்கள். அதுதான் வெள்ளாவி. காரமும் சூடும் சேர்ந்து துணியில் உள்ள எண்ணெய்ப் பசையைச் சோப்பாகவே மாற்றிவிடும். விடிந்ததும் ஆற்றங்கரைக் கல்லில் அடித்து அலசி, வெயிலில் விரித்தால் மீதி வேலையைச் சூரியன் பார்த்துக்கொள்வான். எந்த வீட்டுத் துணி எது என்று அறிய சேங்கொட்டைச் சாற்றால் குறி வைப்பார்கள். எத்தனை வெள்ளாவி கண்டாலும் அது அழியாது. இலங்கைத் தமிழர்கள் இன்றும் சோப்பைச் சவர்க்காரம் என்கிறார்கள். பழைய காரம் அந்தச் சொல்லுக்குள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. புறநானூற்றின் 311-ஆவது பாட்டில், களர் நிலத்தில் தோண்டிய கிணற்று நீரில் புலைத்தி நாள்தோறும் துணி வெளுக்கிறாள். உவர் நிலத்துத் தண்ணீருக்கு அழுக்கை எடுக்கும் குணம் உண்டு என்பது ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. தெரிந்திருந்தவள் யார் என்பதையும் பாட்டு மறைக்கவில்லை.

மாட்டுங்காவிலிருந்து தாராவி கூப்பிடு தூரம். தோல் பதனிடும் வேலைக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்களின் பேரன் பேத்திகள் இங்கே நிறையப் பேர். அவர்களில் பலர் தலித்துகள். அவர்களிடம் போய், அந்தக் காலத்து வெள்ளாவி எப்பேர்ப்பட்ட இயற்கைச் சலவை என்று உருகினால் சிரிப்பார்கள். தமிழ்நாட்டில் தலித்துகளுக்குத் துணி வெளுக்கத் தனியாகப் புதிரை வண்ணார் என்று ஒரு சாதியை வைத்திருந்தது சமூகம். தீண்டாமைக்குள் ஒரு தீண்டாமை. கூலியாகக் கிடைத்தது பெரும்பாலும் இரவுச் சோறும் அறுவடைக் காலத் தானியமும். 1994-ல் வெளிவந்த இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ அப்படி ஒரு குடும்பத்தின் கதை. படித்தவர்களுக்கு வெள்ளாவிப் புகை அழகாகத் தெரியாது. புதிரை வண்ணாருக்கு நலவாரியம் அமைய 2009 ஆக வேண்டியிருந்தது.

அந்தக் கைகளை விடுவித்ததில் சோப்புத்தூளுக்கும் பங்கு உண்டு. இதை ஒப்புக்கொள்ளாமல் எழுதப்படும் எந்த இயற்கைப் புராணமும் அரை உண்மைதான். தாராவியில் குழாயில் தண்ணீர் வரும் நேரம் குறைவு. அதற்குள் பிடித்து, துவைத்து, அலசி முடிக்க வேண்டும். இரவே ஊறவைத்து, அடுப்பில் கொதிக்கவைத்து வடிகட்ட இடமும் எரிவாயுவும் எங்கே? சின்ன பாக்கெட் தூள் அந்தப் பெண்களுக்கு அரை மணி நேரத்தைத் திருப்பித் தருகிறது. தாராவியின் சுற்றுச்சூழல் சேவை வேறு விதமானது: நட்சத்திர ஹோட்டல்களில் ஒரே ஒரு முறை கைகழுவிவிட்டுப் போட்ட சோப்புத் துண்டுகளைச் சேகரித்து, உருக்கி, மறுபடி சோப்பாக்கி விற்கும் பட்டறைகள் இங்கே உண்டு. அதற்குப் பசுமை முத்திரை குத்தி யாரும் விற்கவில்லை.

மகாலக்ஷ்மியின் தோபி காட்டுக்குப் போனாலும் பழைய மண்ணைப் பார்க்க முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்த அந்தச் சலவைத் துறையின் கல் தொட்டிகளில் காஸ்டிக் சோடாவும் பிளீச்சிங் பவுடரும்தான் நடமாடுகின்றன. மருத்துவமனைகளும் ஹோட்டல்களும் அனுப்பும் துணிக்குக் காய் கட்டுப்படியாகாது.

மாற்றம் எங்கிருந்து வந்தது என்பதற்கும் இதே ஊரில் ஓர் அடையாளம் உண்டு. திரும்பும் வழியில் ஹார்பர் லைனில் ஷிவ்டி வரை போனால் போதும். லீவர் பிரதர்ஸ் 1934-ல் இங்கேதான் தன் சோப்புத் தொழிற்சாலையைத் தொடங்கியது. அதற்கு முன்னால், 1888 வாக்கில், சன்லைட் சோப்பு இங்கிலாந்திலிருந்து கப்பலில் கல்கத்தாவுக்கு வந்து இறங்கியிருந்தது. 1959-ல் சர்ஃப் வந்து, கட்டிச் சோப்பின் இடத்தில் தூள் நுழைந்தது. அது நடுத்தர வர்க்கத்தோடு நின்றுவிட்டது. 1969-ல் ஆமதாபாத்தில் கர்சன்பாய் பட்டேல் வீட்டுக் கொல்லையில் தூள் கலந்து, சைக்கிளில் வைத்து வீடு வீடாக விற்கத் தொடங்கியபோதுதான் ஏழை வீட்டு வாளியிலும் நுரை வந்தது. நிர்மாவின் விலை பெரிய கம்பெனியின் விலையில் ஒரு சிறு பங்கு. ஷிவ்டி ஆலை பின்னர் மூடப்பட்டது. கடற்கரைச் சேற்றில் பூநாரைகள் இறங்குவது நிற்கவில்லை. 2024 ஜனவரியில் அடல் சேது திறக்கப்பட்ட பிறகு, அந்தச் சேற்றுக்கு மேலாக வாகனங்கள் பறக்கின்றன.

இயற்கை என்றால் தீங்கில்லாதது என்ற நம்பிக்கைக்கும் ஒரு வார்த்தை. பூந்திக்கொட்டையை அரைத்துக் குட்டையில் கலந்து மீனை மயக்கிப் பிடிப்பது பல நாடுகளில் மலைவாழ் மக்களுக்குத் தெரிந்த வித்தை. சபோனின் மீனின் செவுளைத் தாக்கும். சாக்கடையிலும் சுத்திகரிப்புத் தொட்டியிலும் அது சீக்கிரம் சிதைந்துவிடுகிறது என்பதால் வீட்டுச் சலவை பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் வடித்த சாற்றை நேராக ஒரு மீன் தொட்டியில் கொட்டிப் பார்க்க வேண்டாம். காய் எங்கிருந்து வருகிறது என்பதும் கவனிக்க வேண்டியது. வடக்கே இமயமலை அடிவாரத்தில் ஓர் இனம், தெற்கே இன்னொன்று. பிலிகிரிரங்கன் மலையின் சோலிகர்கள் தேனோடும் நெல்லிக்காயோடும் சீயக்காயையும் பூந்திக்கொட்டையையும் காட்டிலிருந்து சேகரித்து வந்திருக்கிறார்கள். மரமேறிப் பறித்தவரின் கூலிக்கும், அழகான துணிப்பையில் ‘ஆர்கானிக்’ என்று அச்சிட்டு நகரத்தில் விற்கும் விலைக்கும் நடுவே நீண்ட தூரம். துர்பே மூட்டையிலிருந்து கிலோ கணக்கில் வாங்குகிற சான்பாடாக்காரர்கள் அந்தத் தூரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறார்கள், தங்கள் பர்ஸ் அளவிலாவது.

வெள்ளாவிக்கு ஒரு சாதி தேவைப்பட்டது. பூந்திக்கொட்டைக்கு ஒரு மெஷின் போதும். இரவில் அடுத்தவர் தூங்காமல் எரித்த தீயின் இடத்தில் மின்சாரம் இருக்கிறது. வசதி படைத்த வீட்டுக்கு இது கட்டுப்படியாகும், அங்கே இதைத் தொடங்குவதில் தவறும் இல்லை. அங்கேயும் ஊறவைப்பதும் வடிகட்டுவதும் பெண்கள் தலையில்தான் விழுகிறது. மெஷினின் பொத்தானை அழுத்துவதோடு தங்கள் பசுமை முடிந்துவிட்டதாக ஆண்கள் நினைக்கிறார்கள்.

சோதனை ஜூனில் வரும். மழை பிடித்துக்கொண்டால் செப்டம்பர் வரை மும்பையில் துணி காய்வதில்லை. மின்விசிறிக்குக் கீழே கொடி கட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்தாலும் ஈரவாடை நிற்கும். பூந்திக்கொட்டைக்கு அதை மறைக்கும் வாசனை கிடையாது. டப்பாவில் உள்ள காய்களே காற்றின் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்துப் போகும். அந்த நான்கு மாதம், கொள்கைப் பிடிப்புள்ள பல வீடுகளில் பழைய பாக்கெட் தூள் அலமாரியின் பின்வரிசையிலிருந்து சத்தமில்லாமல் முன்வரிசைக்கு வந்துவிடுகிறது. அக்டோபர் வெயில் அடித்ததும் துர்பேவில் மறுபடி விசாரிப்பு தொடங்கும். விதையோடா, விதை நீக்கியதா?